மூலையில் நிற்கும் தட்டு

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



டிஷ்வாஷர் வாங்கப் போனால் கடைக்காரர் கதவைத் திறந்து, அடியில் கிடக்கும் நீண்ட பட்டையை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காட்டுவார். அது ஓசையில்லாமல் சுழலும். "இதுல மூணு ஸ்ப்ரே ஆர்ம் சார்", "அந்தக் கம்பெனில கை நாலா பிரியும் மேடம்", "இது கையோட நுனியில இன்னொரு சின்னக் கை சுத்தும்" என்று பேச்சு நீளும். விலையும் கூடவே நீளும். அந்தக் கையின் வடிவத்துக்கும் பாத்திரம் சுத்தமாவதற்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் எழுந்து போக வேண்டியவர்கள் நிம்மதியாகப் போகலாம். சம்பந்தம் உண்டு. ஆனால் கடைக்காரர் காட்டுகிற இடத்தில் இல்லை. உள்ளே அடுக்குகிற பாத்திரங்களில் பெரும்பாலானவற்றை, கை எந்த வடிவத்தில் இருந்தாலும், வெந்நீரும் டிடர்ஜென்டும் நேரமும் சேர்ந்து சுத்தமாக்கிவிடும். மிச்சம் ஒன்றிரண்டு இருக்கும்: மூலையில் நிற்கும் தட்டு, பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்த கிண்ணம், ஒடுங்கிய டம்ளர். அவை எப்படி வெளியே வருகின்றன என்பதைத்தான் கையின் வடிவம் தீர்மானிக்கிறது. சராசரிப் பாத்திரத்துக்குக் கை முக்கியமில்லை. மோசமான பாத்திரத்துக்கு அதுதான் எல்லாம்.

இந்தக் கருவியின் வரலாற்றில் முதலில் சுழன்றது பாத்திரந்தான், கை பிற்பாடுதான் வந்தது. 1850-இல் ஜோயல் ஹௌட்டன் என்ற அமெரிக்கர் ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். கைப்பிடியைச் சுற்றினால் பாத்திரங்கள்மேல் தண்ணீரை வாரி இறைக்கும். நனைந்ததே தவிர சுத்தமாகவில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரில் ஜோசஃபின் காக்ரன் என்ற அம்மையார் இருந்தார். வேலையாட்கள் கழுவும்போது பரம்பரைப் பீங்கான் தட்டுகளின் விளிம்பு பெயர்ந்துகொண்டே போனது அவருக்குப் பொறுக்கவில்லை. தட்டு, கோப்பை, சாசர் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துக் கம்பிக் கூடுகள் செய்தார். தாமிரக் கொதிகலன் ஒன்றுக்குள் படுக்கைவாக்கில் ஒரு சக்கரம் வைத்து, அதில் கூடுகளைப் பொருத்தினார். சக்கரம் சுழலச் சுழல அடியிலிருந்து சோப்பு வெந்நீர் பீய்ச்சி அடித்தது. கணவர் 1883-இல் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோன பிறகு, ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். காப்புரிமை கிடைத்தது 1886 டிசம்பர் 28-இல். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் பரிசும் பெற்றது. வீடுகள் வாங்கவில்லை, ஹோட்டல்கள் வாங்கின. சிகாகோவின் பால்மர் ஹவுஸ் அவருடைய தொடக்க கால வாடிக்கையாளர்களில் ஒன்று. பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் ஹோபார்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், கிச்சன்எய்டு என்ற பெயரில் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அவர் கண்டுபிடித்தது சக்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹௌட்டன் தண்ணீரை இறைத்தார், காக்ரன் தண்ணீரைக் குறிவைத்தார். தட்டை ஒரு குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட இடைவெளியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் அழுத்தமான நீர்த்தாரையை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கம்பிக் கூட்டில்தான் இருக்கிறது. இன்றைய கையும் அந்தக் கூட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. கூடும் கையும் ஒரே வடிவமைப்பின் இரு பாதிகள்.

பாத்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சுழற்றலாம் என்ற ஏற்பாட்டை வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் வில்லியம் ஹோவர்ட் லிவென்ஸ் என்ற ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். 1924-இல் அவர் வடிவமைத்த சிறிய இயந்திரத்தில் முன்பக்கக் கதவு, கம்பித் தட்டு, சுழலும் தெளிப்பான் மூன்றும் இருந்தன. இன்று உங்கள் வீட்டில் நிற்பதன் உருவம் ஏறக்குறைய அதுதான். இந்த லிவென்ஸ் முதல் உலகப் போரில் வேறு வேலை பார்த்தவர். 1916-இல் சோம் போர்முனையில் பூமிக்கடியிலிருந்து எரியும் எண்ணெயைப் பீய்ச்சி அடித்த பெரிய தீயெறி கருவி அவருடையது. நச்சுவாயுக் குப்பிகளை எறிந்த லிவென்ஸ் புரொஜெக்டரும் அவருடையதே. திரவத்தை ஒரு முனை வழியாக எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று போர்க்களத்தில் படித்த மனிதர் அதை அடுக்களைக்குக் கொண்டுவந்தார். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இப்போது கையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் அதைச் சுழற்றத் தனி மோட்டார் கிடையாது. தீபாவளிக்குத் தரையில் விடுகிற சக்கரம் எதனால் சுற்றுகிறது? நெருப்பு ஒரு பக்கம் சீற, சக்கரம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. இங்கே நெருப்புக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். கையில் உள்ள துளைகளில் ஒன்றிரண்டு மட்டும் நேர் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அவற்றின் எதிர்விசையே கையைத் தள்ளுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த யோஹான் செக்னர் 1750 வாக்கில் இதே தத்துவத்தில் ஒரு நீர்ச்சக்கரம் செய்தார். கணித மேதை ஆய்லர் அதை எடுத்து ஆராய்ந்தார். தோட்டத்தில் சுழலும் ஸ்ப்ரிங்க்ளரும் அந்தப் பரம்பரைதான்.

இதில் வடிவமைப்பாளருக்கு முதல் சிக்கல் வருகிறது. சுழற்றுவதற்குச் செலவாகும் தண்ணீர், கழுவுவதற்கு அவ்வளவாகப் பயன்படாது. சாய்வைக் கூட்டினால் கை வேகமாகச் சுழலும், ஆனால் தாரை ஒரு தட்டின்மேல் நிற்கிற நேரம் குறையும். சாய்வைக் குறைத்தால் கை சோம்பும். அச்சில் கொஞ்சம் உப்புக்கறை பிடித்தாலோ, பம்பின் அழுத்தம் சற்று இறங்கினாலோ நின்றே விடும். அதனால் நிமிடத்துக்கு முப்பது சுற்று என்கிற அளவை ஒட்டி, முன்னேபின்னே, பல இயந்திரங்கள் சமரசம் செய்துகொள்கின்றன.

அடுத்தது அழுத்தம். வீட்டு டிஷ்வாஷரில் தாரையின் அழுத்தம் ஒரு பார் அளவைக்கூடத் தொடாது. கணக்குக்காக 0.3 பார் என்று வைத்துக்கொள்வோம். பெர்னூலி சமன்பாட்டில் போட்டால் துளையை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 7.7 மீட்டர் வருகிறது. மணிக்கு 28 கிலோமீட்டர். ஓரளவு வேகமாக மிதிக்கிற சைக்கிள். கார் கழுவும் கடையில் பார்க்கிற பிரஷர் வாஷர் நூறு பார் அழுத்தத்தில் அடிக்கிறது, அது சேற்றைச் செதுக்கி எடுத்துவிடும். நம் டிஷ்வாஷர் தாரையால் காய்ந்த சோற்றுப் பருக்கையைச் செதுக்க முடியாது. செதுக்கும் அளவுக்கு அடித்தால் மேல்தட்டில் இருக்கும் மெல்லிய கண்ணாடி டம்ளர் தாங்காது.

இனி நான் சொல்லப்போகிற எளிய கணக்கு, இந்த உரைக்காக உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது என்னையே ஆச்சரியப்படுத்தியது. கை நிமிடத்துக்கு 30 சுற்று சுழல்கிறது. மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு துளை. அது ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 157 செ.மீ., எடுத்துக்கொள்ளும் நேரம் 2 விநாடி. ஆக அதன் வேகம் விநாடிக்கு 78 செ.மீ. தாரையின் அகலம் 1 செ.மீ. என்று கொள்வோம். தட்டின்மேல் உள்ள ஒரு புள்ளியை அது கடந்துபோகும் நேரம் ஒரு விநாடியில் 78-இல் ஒரு பங்கு. அரைமணி நேரம் கழுவினால் 900 சுற்று. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் புள்ளிமேல் அந்தத் துளையின் தாரை நேராக விழுந்த நேரம் பதினோரு பன்னிரண்டு விநாடிதான்.

அரைமணி நேரத்தில் பன்னிரண்டு விநாடி! கையின் இரு பக்கமும் ஒரே தொலைவில் துளை இருந்தால் இரட்டிப்பாகும். இன்றைய பல இயந்திரங்கள் தண்ணீரைச் சேமிக்க மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் மாறிமாறி ஊட்டுகின்றன, அப்படியானால் மறுபடி பாதியாகும். இதே கணக்கை மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் உள்ள துளைக்குப் போட்டால் 57 விநாடி வருகிறது. ஆக நடுவில் இருக்கும் பாத்திரத்துக்கு ஓரத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு அடி கிடைக்கிறது. நல்ல கையில் துளைகள் ஓரத்தை நோக்கி நெருக்கமாக அமைவதற்கும், ஒரு பக்கத் துளைகளின் வட்டங்களுக்கு நடுவே மறுபக்கத் துளைகளின் வட்டங்கள் விழும்படி ஏற்ற இறக்கமாக வைப்பதற்கும் இதுவே காரணம். கடையில் போய்ப் பார்க்கும்போது கைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். இரு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒரே தொலைவில் துளை இருந்தால், நடுவே உள்ள வளையங்கள் நேரடித் தாரையைப் பார்க்காமலே போகின்றன என்று பொருள்.

அப்படியென்றால் மிச்சம் இருபத்தொன்பது நிமிடமும் சில விநாடியும் என்னதான் நடக்கிறது?

ஊறுகிறது. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சுத்தம் செய்வதற்கு வேண்டியவை நான்கு: ரசாயனம், சூடு, நேரம், இயந்திர விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஒன்றைக் கூட்டியாக வேண்டும். கையால் தேய்க்கிறவர் விசையை நம்புகிறார், அதனால் மிதமான சோப்பும் சில நிமிடமும் போதும். டிஷ்வாஷரில் விசை குறைவு. அதை ஈடுகட்டக் கையால் தொட முடியாத காரமுள்ள டிடர்ஜென்டும், 50 முதல் 70 டிகிரி வரை வெந்நீரும், பொறுமையைச் சோதிக்கும் நேரமும் வேண்டியிருக்கின்றன. 'ஈகோ' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது ஏன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்த வட்டத்தில் இருக்கிறது. சூட்டைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடித்தார்கள், விலையை நேரத்தில் கொடுக்கிறோம்.

காய்ந்த முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது புரதம். நேராக வெந்நீர் அடித்தால் இன்னும் இறுகும். டிடர்ஜென்டின் காரம் அதை உப்பச் செய்ய வேண்டும், அதிலுள்ள புரோட்டியேஸ் நொதி சங்கிலியை அறுக்க வேண்டும். ஒட்டிய சோற்றுக் கஞ்சிக்கு அமைலேஸ் நொதி. டீக்கறைக்கு ஆக்சிஜனை விடும் வெளுப்பான். இவை வேலையை முடித்த பிறகு, தளர்ந்துபோன அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவதுதான் தாரையின் வேலை. டிடர்ஜென்ட் போடாமல் உலகத்தின் மிகச் சிறந்த கையை வைத்து ஓட்டினாலும் முட்டை போகாது. ஆனால் ஊறித் தளர்ந்த அழுக்கைத் தள்ள யாருமே வரவில்லை என்றால் அது அங்கேயே உட்கார்ந்து மறுபடி காயும். கை தோற்கிற இடம் இந்த இரண்டாவது சங்கதியில்தான்.

தாரை தட்டில் விழுந்ததும் என்ன ஆகிறது என்பதை இன்றிரவே உங்கள் சிங்க்கில் பார்க்கலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். வட்டத்துக்குள் தண்ணீர் மெல்லிய ஏடாக வேகமாகப் பாய்கிறது. விளிம்பில் சட்டென்று தடித்து, அதற்கப்பால் சோம்பலாக ஓடுகிறது. லியொனார்டோ டா வின்சி கவனித்து எழுதி வைத்த காட்சி இது. 1914-இல் ராலே பிரபு இதற்குக் கணிதம் எழுதினார். அந்த விளிம்பு உண்டாவதற்குப் புவியீர்ப்பே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2018-இல் கேம்பிரிட்ஜில் ராஜேஷ் பகத் என்ற ஆராய்ச்சியாளர் தம் குழுவினரோடு, மெல்லிய ஏட்டில் காரணம் பரப்பு இழுவிசைதான் என்று வாதிட்டார். படுக்கைவாக்கிலும் செங்குத்தாகவும் தலைகீழாகவும் தண்ணீரை அடித்துப் பார்த்தாலும் வட்டத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்பது அவர்களுடைய சான்று. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

நமக்கு இதில் கிடைப்பது ஒன்று. அழுக்கை இழுக்கும் விசை வட்டத்துக்குள்தான் பலமாக இருக்கிறது. வெளியே வெறும் ஈரம். கை சுழல்வதன் பயனே அந்த வட்டத்தைத் தட்டு முழுவதும் நகர்த்துவதுதான். டிஷ்வாஷரில் தட்டு செங்குத்தாக நிற்கிறது, தாரையோ அடியிலிருந்து வருகிறது. ஆகவே முகத்தில் அறைவது போல விழாமல் உரசிக்கொண்டு போகிறது. தட்டைச் சற்றுச் சாய்த்து, அழுக்குப் பக்கம் மையத்தைப் பார்க்கும்படி வைக்கச் சொல்வது இந்த உரசலைக் கொஞ்சமாவது அறையாக மாற்றத்தான். மாதிரி எண் மாற்றி இருபதாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதைவிட இந்தச் சாய்வு அதிகம் செய்யும் என்பது என் கருத்து.

மூலைக்கு வருகிறேன். இயந்திரத்தின் உட்புறம் சதுரம். கை போடுவது வட்டம். சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் அதன் பரப்பில் 78.5 சதவீதத்தையே மூடும். மீதி 21.5 சதவீதம் நான்கு மூலைகளில் கிடக்கிறது. கைநுனித் துளையை வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் தாரை மூலைக்கும் போகும், ஆனால் நீண்ட தூரம் போகும், சாய்வாக விழும், வழியில் உள்ள பாத்திரங்களில் மோதும். இதற்குத்தான் நிறுவனங்கள் மூளையைக் கசக்குகின்றன. எலக்ட்ரோலக்ஸ் வகையறாவில் பெரிய கையின் ஒரு நுனியில் சிறிய கை தனியாகச் சுழல்கிறது. எல்ஜி நான்காகப் பிரிந்த கையைச் செய்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிச் சுழற்றுகிறது. பெக்கோ கையின் பாதையையே செவ்வகமாக்கி மூலைகளுக்குள் நீட்டுகிறது. சாம்சங் 2014-இல் வட்டத்தையே கைவிட்டுப் பார்த்தது. பின்சுவரோரம் நிலையான துளைகள், தரையில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பட்டை, துளைகளின் தண்ணீரை அந்தப் பட்டை மேல்நோக்கித் திருப்பிவிடும். வட்டமே இல்லையென்றால் மூலையும் இல்லை அல்லவா? யோசனை அழகானது. ஆனால் சுழலும் கைக்கு ஓர் அச்சு போதும், ஓடும் பட்டைக்குத் தண்டவாளம், மோட்டார், வார் எல்லாம் வேண்டும், அதுவும் வெந்நீரிலும் காரத்திலும். பழுதாவதற்கு ஒன்றுமில்லை என்பதே எளிய கையின் பெரிய பலம். நூற்றாண்டாகியும் அது போகாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீல் கையா, பிளாஸ்டிக் கையா என்ற கேள்வியும் வரும். கழுவும் திறனில் வித்தியாசம் இல்லை. பிளாஸ்டிக்கில் துளையின் முனையை வேண்டிய வடிவில் வார்க்கலாம், ஆனால் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவதால் வருடங்கள் கழித்து ஒட்டு விட்டுப்போனால் தண்ணீர் அங்கே ஒழுகி அழுத்தம் இறங்கும். அவ்வளவுதான்.

மூலையைவிடப் பெரிய எதிரி மறைவு. தாரை நேர்கோட்டில் போகிறது. முதலில் எது குறுக்கே நிற்கிறதோ அதில் மோதி வேகத்தை இழந்து, பிறகு வழிகிற தண்ணீராகிவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் நடப்பதை எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெரெஸ் மொஹெடானோ என்பவரும் உடன் ஆராய்ந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். பாசிட்ரானை வெளிவிடும் கதிரியக்கத் துகள் ஒன்றைத் தண்ணீரோடு விட்டார்கள். ஒரே ஒரு துகள். உலோகச் சுவருக்கு வெளியே இருந்த உணர்கருவிகள் அது எங்கே போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று தொடர்ந்து குறித்துக்கொண்டன. பாத்திரங்களை அடுக்கும் முறையையும் பம்பின் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மேலே போகும்போது தாரையாகப் பாய்கிற துகள், தட்டில் மோதியபின் மெதுவாக வழிந்து இறங்குகிறது. பாத்திரத்தின் வடிவமும் எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறோம் என்பதும் தண்ணீர் போகும் வழியை மாற்றிவிடுகின்றன. கையை வடிவமைத்தவர் ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறார். அடுக்குகிறவர் அதன் குறுக்கே சுவர் கட்டுகிறார்.

நம் வீட்டுப் பாத்திரங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஐரோப்பியக் கம்பித் தட்டு தட்டையான தட்டுகளுக்காகச் செய்தது. நாம் வைப்பது கடாய், உருளி, இட்லித் தட்டு, டவரா, எவர்சில்வர் டம்ளர். கடாயைக் கீழ்த்தட்டில் கவிழ்த்தால் அகலமான அதன் வாய் கீழிருந்து வரும் தாரைகளில் பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதன் உள்பக்கம் பளபளவென்று வரும், பக்கத்தில் இருந்தவை பட்டினி கிடக்கும். இட்லித் தட்டுகளைத் தண்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடித்தட்டு மட்டுமே குளிக்கும். பிரித்துத் தனித்தனியாக நிறுத்த வேண்டும். காபி டம்ளர் ஒடுக்கமும் உயரமுமானது. துளை சரியாக அதன் வாய்க்கு நேர் கீழே வரும் அந்தக் கணத்தில் மட்டுமே தாரை அடிவரை ஏறும். டம்ளர் எந்த வளையத்தின் மேல் நிற்கிறது என்பது அதிர்ஷ்டம். மேல்தட்டில் ஓரமாக வைத்த டம்ளரின் அடியில் பால் ஏடு தங்கியிருந்தால் டிடர்ஜென்டைத் திட்டாமல், அடுத்த முறை நான்கு விரற்கடை உள்ளே தள்ளி வையுங்கள்.

எவ்வளவு அழகான வடிவமாக இருந்தாலும், கை சுழலாமல் நின்றால் எல்லாம் வீண். நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது. கரண்டிக் காம்பு கம்பி இடுக்கு வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது உயரமான தட்டு மேல் கையைத் தடுக்கும். கதவை மூடுமுன் ஒருமுறை கையைச் சுற்றிவிட்டுப் பார்க்கும் பழக்கம் எந்தப் புதுத் தொழில்நுட்பத்தையும்விட மலிவு.

அடுத்த காரணம் அடைப்பு. எலுமிச்சை விதை, பல்குத்தும் குச்சியின் துண்டு, பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம், அரிசிப் பருக்கை எல்லாம் ஃபில்டரைத் தாண்டிக் கைக்குள் போய்த் துளையில் உட்காரும். வெளியிலிருந்து குச்சியால் குத்தினால் உள்ளேதான் தள்ளுவோம். கையைக் கழற்றிக் குழாயடியில் உதறியெடுக்க வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் இன்னொரு தொல்லை. கடினநீரின் சுண்ணாம்பு துளைகளின் விளிம்பில் படிந்து, வட்டத் துளையைக் கோணலாக்கும். தாரை நேராகப் போகாமல் சிதறும், பல மாதங்களில் மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரியாது. இயந்திரத்தில் உப்புப் போடச் சொல்வது பாத்திரத்தின் வெள்ளைப் படிவுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கையை நிறுத்தும் மூன்றாவது ஆள் நுரை. அவசரத்துக்குச் சிங்க்கில் வைத்திருக்கும் பாத்திர லிக்விடை ஊற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. கதவிடுக்கில் நுரை பொங்குவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கை தள்ளாடி நிற்கும். முட்டையும் பாலும்கூடத் தாமாகவே நுரைக்கும் சரக்குகள். டிஷ்வாஷர் டிடர்ஜென்டில் நுரையடக்கிகள் சேர்ப்பதும் அதனால்தான். ரசாயனமும் கையும் தனித்தனிச் சங்கதிகள் என்று பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக, லேபிள். சுத்தத்தை அளக்க ஐஇசி 60436 என்றொரு சர்வதேசத் தரமுறை இருக்கிறது. பால், தேநீர், அரைத்த இறைச்சி, முட்டை, ஓட்ஸ், கீரை, மார்ஜரின் ஆகியவற்றைப் பாத்திரங்களில் வகுத்த முறையில் பூசிக் காயவைப்பார்கள். பக்கத்தில் ஒரு ஒப்பீட்டு இயந்திரம் ஓடும். முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் வகுத்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிஞ்சிய புள்ளிகளைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வழக்கமான பெரிய இயந்திரம் ஒப்பீட்டு இயந்திரத்தைவிட 1.12 மடங்குக்கு மேல் நன்றாகக் கழுவினால்தான் விற்கவே முடியும். கறாரான முறைதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாத்திரங்களை அடுக்குவது உற்பத்தியாளர் சொன்ன வரைபடப்படி, அதாவது கையை வடிவமைத்தவருக்கு எது வசதியோ அப்படி. மதிப்பெண்ணோ எல்லாப் பாத்திரங்களின் சராசரி. நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளில் மூலையில் நின்ற ஒரு தட்டு மோசமாக வந்தால் சராசரி அசையாது. நாம் வீட்டில் திட்டுவதோ அந்த ஒரு தட்டை வைத்துத்தான். இதனால்தான் இரண்டு இயந்திரங்கள் லேபிளில் ஒன்றாகத் தெரிந்தும் அடுக்களையில் வேறாக நடக்கின்றன. என்னிடம் கேட்டால், சராசரியோடு மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பாத்திரத்தின் எண்ணையும் லேபிளில் அச்சிடச் சொல்வேன். அது வந்தால் கைகளைப் பற்றிய விற்பனைப் பேச்சில் எது நிஜம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

நேரமாகிவிட்டது, கேள்விகளுக்குப் போகலாம். பிரஷர் குக்கரை வைக்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஏற்கெனவே ஒரு சீட்டு வந்திருக்கிறது. எவர்சில்வர் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அலுமினியம் என்றால் வேண்டாம், டிடர்ஜென்டின் காரம் அதைக் கறுக்கடித்துவிடும். அதற்கு எந்த வடிவக் கையும் பொறுப்பாகாது.